ஒரு குடம் தண்ணீருக்கு அனுமதி

நவதுறவு இல்லம், வத்தலக்குண்டு அருகே
9 அக்டோபர் 2022
இயேசு மரி சூசை துணை

பாண்டிக்கு,

உன்னையும் அப்பாவையும் ஆண்டவர் காக்கட்டும். அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்தாயா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கன்னியாஸ்திரிப் பயிற்சிக்கு வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது.

இங்கத்திய விதிகள். கைப்பேசி கிடையாது. ஓராண்டுக்கு வீட்டார் வரக்கூடாது. மாதம் ஒரு கடிதம் நான் எழுதலாம். போவதையும் வருவதையும் எங்கள் தலைவி சிஸ்டர் பிதேலிஸ் படித்துவிட்டுத் தருவார். பழைய வழக்கம். ஆகவே என்னைத் திட்டுவதென்றால் மரியாதையாகத் திட்டு.

பேருந்து நிலையத்தில் அவசரமாகச் சொன்னதை ஒழுங்காக எழுதுகிறேன். ஐந்தருவிச் சாலையில் மெஹர் பானு அக்காவின் ரம்புட்டான் தோப்பு. அதன் பின்னால் ஆள் உயரப் பாறை. மேலிருந்து தண்ணீர் கசியும். ஐப்பசி மழையில் ஒருவகைச் சிறு தவளை அந்த ஈரத்தில் முட்டையிடும். பொரிந்து வரும் தலைப்பிரட்டைகள் குளத்துக்குப் போவதில்லை. செங்குத்துப் பாறையிலேயே ஒட்டிக்கொண்டு, நீர்ப்படலத்துக்கு வெளியே பாதி முதுகு தெரிய, பாசியைச் சுரண்டித் தின்று வளரும். பின்னங்கால் சீக்கிரமே வந்துவிடும். துள்ளும்.

முனைவர் பட்டத்துக்காக மூன்று ஆண்டு அவற்றைப் பார்த்தேன். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். நான்காம் ஆண்டு பார்க்க ஆளில்லை என்பது மனதை அறுக்கிறது.

முதல்முறை பார்த்தபோது என்னையறியாமல் மண்டியிட்டேன். உயிர் நீரிலிருந்து கரையேறியது என்று பாடத்தில் ஒரு வரி படித்திருந்தேன். முப்பத்தைந்து கோடி ஆண்டுக்கும் முன்னால். அந்த வரி என் முகத்துக்கு நேரே பாறையில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. கடவுள் படைத்து முடிக்கவில்லை, பாண்டி. மெதுவாகப் படைத்துக்கொண்டிருக்கிறார். இப்படிச் சொன்னால் திருச்சபை என்னைத் துரத்தாது. நீயும் பயப்படாதே.

ஞாயிறு பூசை முடிந்ததும் போ. எண்ணு. நோட்டில் எழுது. ஒரே விதி: கை வைக்காதே. எடுத்துவிடாதே, விரட்டாதே, தண்ணீர் ஊற்றாதே. என்ன நடந்தாலும் பார்ப்பது மட்டும்.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்
ஜெஸி அக்கா

*

மேலகரம்
6 நவம்பர் 2022

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி பாண்டியராஜ் எழுதுவது.

இங்கே இருவரும் சுகம். அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அப்பா கேட்கச் சொன்னார். சர்க்கரை இருநூற்றுப் பத்து. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

பாறைக்குப் போனேன். கண்ணாடி மணி மாதிரி முட்டைகள். எண்ணும்போது வழுக்கி விழுந்து முழங்காலில் தோல் போய்விட்டது. நீ மண்டியிட்ட இடம் இதுதானா?

மெஹர் பானு அக்கா வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்னலே, பாறைக்குப் பூசை வைக்கியா?"

"அக்கா சொல்லிட்டுப் போயிருக்கா. தவள முட்ட எண்ணணும்."

"அவ கன்னியாஸ்திரியாப் போயிட்டா. நீ தவளைக்குக் காவலு. நல்ல குடும்பம்லே ஒங்களுது."

சுக்குக் காப்பி கொடுத்தார்.

புளியங்குடியில் எலுமிச்சை விலை சரியில்லை. எங்கள் கமிஷன் கடையில் எனக்கு வேலை குறைவு. அதனால் தவளைக்கு நேரம் இருக்கிறது.

சிஸ்டர் பிதேலிஸ் அவர்களுக்கு என் வணக்கம். எப்படியும் படிக்கத்தானே போகிறீர்கள்.

அன்புடன்
பாண்டி

*

நவதுறவு இல்லம்
4 டிசம்பர் 2022

பாண்டிக்கு,

உங்கள் இருவருக்கும் திருவருகைக் கால வாழ்த்து. நான் நலம். முழங்கால் ஆறிவிட்டதா?

இந்த ஓராண்டுப் பயிற்சி முடியும்வரை பாறையைப் பற்றியும் என் படிப்பைப் பற்றியும் நான் எழுதக் கூடாது, பேசக் கூடாது. சிஸ்டர் அப்படிச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. உன் கடிதங்கள் எனக்குக் கிடைக்கும். நீ போவதை நிறுத்த வேண்டியதில்லை.

சமையலறையில் இருக்கிறேன். நாற்பது பேருக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன்.

ஜெஸி அக்கா

*

மேலகரம்
8 ஜனவரி 2023

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு உனக்கு நல்லபடியாக அமையட்டும். அப்பாவுக்குச் சளி, மற்றபடி சுகம்.

நீ பதில் எழுத மாட்டாய். பரவாயில்லை. எழுதுகிறேன்.

இன்று அறுபத்தொன்று. விரல்நகம் அளவு. இவ்வளவு நாளும் நீ சொன்னதால் போனேன். இன்று தானாகப் போனேன். பாறையில் வெயில் விழுந்தது. ஒன்றின் முதுகு மட்டும் வெளியே. மூக்கை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். சட்டென்று ஒரு சாண் தூரம் துள்ளி இன்னொரு ஈரத்தில் ஒட்டியது. தண்ணீர்ப் பிராணி, தண்ணீர் இல்லாத இடத்தைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் யாருமில்லை. "ஆண்டவரே" என்றேன். சத்தமாகவே.

கடையில் என்னோடு வேலை பார்க்கும் செந்தில்வேலிடம் சொன்னேன். எலுமிச்சை தரம் பிரித்துக்கொண்டே கேட்டான்:

"ஒங்க சாமி ஆறு நாள்ல செஞ்சாருங்கீங்க. ஒங்கக்கா முப்பத்தஞ்சு கோடி வருசங்கா. ரெண்டு பேர்ல யாருலே புளுகுதது?"

"ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்லுதாவ."

"அப்ப ஒங்கக்காவ ஏன் வாய மூடச் சொன்னாவ?"

கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவன் நான். எலுமிச்சைக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இன்னொரு செய்தி. பாஸ்கா திருவிழிப்பில் முதல் வாசகம் என்னை வாசிக்கச் சொல்லியிருக்கிறார் பங்குச் சாமியார். படைப்பின் வாசகம். ஏழு தடவை "நல்லது" வருமே, அது. ஏப்ரல் எட்டு, ஈஸ்டருக்கு முந்தின இரவு. இப்போதே பயிற்சி செய்கிறேன். அப்பா காதைப் பொத்திக்கொள்கிறார்.

பாண்டி

*

நவதுறவு இல்லம்
29 ஜனவரி 2023

பாண்டிக்கு,

அப்பாவின் சளிக்குத் துளசி போதாது, மருத்துவரிடம் காட்டு. எனக்கு நலக்குறைவு ஒன்றும் இல்லை.

வாசகம் கிடைத்ததில் மிகவும் மகிழ்ச்சி. அவசரப்படாமல் வாசி.

கத்தரிச் செடிகள் காய்க்கின்றன. இரண்டு பாத்தி என் பொறுப்பு. காலையில் பனி இறங்குகிறது.

வேறு செய்தி இல்லை.

ஜெஸி அக்கா

*

மேலகரம்
12 பிப்ரவரி 2023

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். அவசரம், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கசிவு நிற்கப் போகிறது. போன ஞாயிறு ஒரு முழ அகலத்துக்கு ஈரம் இருந்தது. இன்று நாலு விரல். நாற்பத்தேழு இருக்கின்றன. எல்லாம் அந்த நாலு விரலுக்குள் நெருக்கிக்கொண்டு.

மேலே ஏறிப் பார்த்தேன். ஊற்றே வற்றுகிறது. தினம் ஒரு குடம் ஊற்றினால் இன்னும் மூன்று வாரம் தாங்கும். அதற்குள் தவளையாகிவிடும்.

நீ ஊற்றாதே என்றாய். தெரியும். ஆனால் இப்படிக் காயும் என்று நினைத்துச் சொன்னாயா?

ஊற்றவா?

ஒரே சொல் போதும். அஞ்சலட்டையில் ஆம், அல்லது இல்லை. தவளை என்ற வார்த்தையே வேண்டாம். சிஸ்டருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பாண்டி

*

மேலகரம்
26 பிப்ரவரி 2023

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை. மன்னித்துக்கொள்.

அட்டை வரவில்லை. தபால்காரர் மாரிச்செல்வத்தைத் தினமும் தெருமுனையிலேயே மறித்தேன். "ஏலே, பொண்ணு வீட்டுக் கடுதாசியா?" என்றார்.

பத்தொன்பதாம் தேதி. ஒரு விரல் அகலக் கோடாக ஈரம். மெஹர் பானு அக்காவின் நீலக் குடத்தை நிரப்பிப் பாறையடியில் வைத்திருந்தேன். கையெட்டும் தூரம். ஒன்பது மணிக்கு வெயில் பாறைக்கு வந்தது.

"ஊத்தித் தொலைலே!"

"அக்கா ஊத்தப்பிடாதுன்னுட்டா."

"எந்த அக்கா? அங்கன வத்தலக்குண்டுல இருக்கவளா? இங்கன காயுதது அவளுக்குத் தெரியுமா?"

"எழுதிட்டேன். பதில் இல்ல."

"பதில் இல்லன்னா? ஒனக்குன்னு ஒரு கை இல்லையாலே?"

நான் நின்றேன். அக்கா, நான் நின்றேன்.

முதலில் ஒன்று துள்ளியது. காய்ந்த பாறையில். நின்றது. மறுபடி. இடப்பக்கம் கீழே ஒரு விரிசல் இருக்கிறது, உள்ளே கருப்பாக ஈரம். அதை எப்படி அறிந்தது என்று தெரியவில்லை. உள்ளே போய்விட்டது. அடுத்து இன்னொன்று. பிறகு மூன்று. வால் பாறையில் அடிபடும் சத்தம்கூடக் கேட்டது போல இருந்தது. மொத்தம் பதினொன்று. பதினொன்றுக்கும் பின்னங்கால் ஒரு நெல்லளவு நீளம் கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நெல்லளவை யாரும் இன்று கொடுக்கவில்லை. முட்டைக்குள்ளேயே வந்தது.

மற்ற முப்பத்தாறும் அங்கேயே. சில முயன்றன. ஒன்று நாலு தடவை முயன்றது. பாறையில் தோல் ஒட்டிக்கொண்டது. பதினொன்றரை மணிக்கு எல்லாம் முடிந்தது.

நான் பார்த்தது என்ன என்று எனக்குத் தெரியும். நீ சொல்லித் தந்ததுதான். முப்பத்தைந்து கோடி ஆண்டாக நடக்கிற காரியம், ஒரு காலை வேளையில் என் முன்னால் நடந்தது. பதினொன்றாவது உள்ளே போனபோது என்னையறியாமல் சிலுவை போட்டேன். கோயிலில்கூட அவ்வளவு மனதாரப் போட்டதில்லை. அதே நிமிடம் முப்பத்தாறு செத்துக்கொண்டிருந்தது. இரண்டும் வேறுவேறு காரியமாக எனக்குத் தெரியவில்லை.

மெதுவாகப் படைக்கிறார் என்று சொன்னாய். இப்படி என்று சொல்லவில்லை.

குடம் நிறைந்தபடியே இருந்தது. மெஹர் பானு அக்கா அதைத் தூக்கி ஒரு வாழைக்கு ஊற்றினார். என்னோடு பேசவில்லை.

இனி பாறையைப் பற்றிக் கேட்கவில்லை. வாசகத்தைப் பற்றித்தான். ஏழு தடவை "நல்லது" என்று நான் வாசிக்கலாமா? நின்று பார்த்தவன் வாசிக்கலாமா? அதை மட்டும் சொல்.

பாண்டி

*

நவதுறவு இல்லம்
5 மார்ச் 2023

பாண்டிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன.

என்னால் எழுத முடியாது. உனக்காக முழங்காலில் இருக்கிறேன்.

அப்பாவைப் பார்த்துக்கொள்.

ஜெஸி

*

மேலகரம்
12 மார்ச் 2023

மதிப்புக்குரிய சிஸ்டர் பிதேலிஸ் அவர்களுக்கு,

இயேசுவுக்குப் புகழ். என்னைத் தெரியும். என் கடிதங்களைப் படித்திருக்கிறீர்கள்.

நான் பிளஸ் டூ. எலுமிச்சைக்கடை வேலை. அக்காதான் எங்கள் வீட்டில் படித்தவள். அவளுடைய வாயை நீங்கள் ஏன் கட்டினீர்கள்? பரிணாமம் பேசினால் விசுவாசம் கெட்டுவிடும் என்றா? அவள் பேசியபோது என் விசுவாசம் கெடவில்லை, வளர்ந்தது. பேசாமல் இருந்தபோதுதான் கெட்டது.

ஏப்ரல் எட்டாம் தேதி நான் படைப்பின் வாசகம் வாசிக்க வேண்டும். முடியாது என்றால் எங்கள் சாமியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். யாரிடம் கேட்பது?

ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு சொல் கேட்டேன். அதுகூட உங்கள் விதியில் இல்லையா?

தவறாக எழுதியிருந்தால் பொறுத்தருளவும்.

இரா. பாண்டியராஜ்

*

நவதுறவு இல்லம்
20 மார்ச் 2023

அன்புத் தம்பி பாண்டியராஜுக்கு,

ஆண்டவரின் அமைதி உங்களுக்கும் உங்கள் தந்தைக்கும். கோபத்திலும் புகழ் சொல்லித் தொடங்கியிருக்கிறீர்கள். நன்றி.

பரிணாமத்துக்காக நான் தடுக்கவில்லை. அதில் எனக்குப் பயமில்லை. இருபத்திரண்டு ஆண்டு பள்ளியில் கணக்கு நடத்தியவள். பெரிய எண்கள் எனக்குப் பிடிக்கும். உங்கள் அக்கா வந்த நாளிலிருந்து அந்தப் பாறையை இறுகப் பிடித்திருந்தாள். பயந்து பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். ஏனென்று தெரியவில்லை. அப்படிப் பிடித்திருப்பதைச் சில மாதம் கீழே வைக்கச் சொல்வது எங்கள் வழக்கம்.

உங்கள் "ஊற்றவா?" பதினாறாம் தேதி வந்தது. படித்தேன். அவளிடம் கொடுத்தேன். வந்து அனுமதி கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்ட நிமிடமே கொடுத்திருப்பேன். அவள் வரவில்லை. கேட்காமல் இருப்பதுதான் கீழ்ப்படிதல் என்று நினைத்துவிட்டாள். அவளாக வரட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். நடுவில் ஒரு சுவர். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் காத்திருந்தோம். அதற்குள் உங்கள் பாறை காய்ந்துவிட்டது. அவள் புதியவள். நான் தலைவி. பிழை என்னுடையது. மன்னியுங்கள்.

உங்கள் அடுத்த கடிதத்தை மூன்று முறை படித்தேன். சாப்பாட்டு மணி காதில் விழவில்லை.

வாசிக்கலாமா என்பதை நான் சொல்வதைவிட அவள் சொல்வதே சரி. அவளை எழுதச் சொல்லியிருக்கிறேன். உறையை அவளே ஒட்டுவாள். நான் படிக்க மாட்டேன்.

உங்கள் ஜெபத்தில் எனக்கும் இடம் கொடுங்கள்.

சிஸ்டர் பிதேலிஸ்

*

நவதுறவு இல்லம்
25 மார்ச் 2023

பாண்டி,

இந்தக் கடிதத்தை யாரும் படிக்கவில்லை. எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

நான் ஊற்றினேன்.

மூன்று ஆண்டும். மாசி பிறந்ததும், ஈரம் சுருங்கத் தொடங்கிய முதல் நாளே. அதே நீலக் குடம். மெஹர் பானு அக்காவுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். சொல்லவில்லை. உன்மேல் அவருக்கு அவ்வளவு கோபம் வந்தது அதனால்தான்.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் "எந்தக் குறுக்கீடும் இன்றி" என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னால் கடைப்பிடிக்க முடியாத விதியை உனக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ஓராண்டாவது சுத்தமாக இருக்கட்டும் என்று.

உன் கடிதம் வந்த அன்றே அட்டையில் எழுதிவிட்டேன். "ஊற்று." உன் அடுத்த கடிதம் வரும்வரை தலையணைக்கு அடியில் கிடந்தது. சிஸ்டரிடம் போயிருக்கலாம். ஆய்வில் ஊற்றலாமா என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். கீழ்ப்படிதலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அங்கே ஒளிந்தால் யாரும் தேட மாட்டார்கள்.

தவளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருந்தேன். நீ எழுதியதைப் படித்தபிறகு தெரிகிறது: கடவுளைக் காப்பாற்றியிருக்கிறேன். அவர் செய்வதை என் கண்ணில் படாமல் மறைத்து. மெதுவாகப் படைக்கிறார் என்றது பாதி பார்த்தவளின் பேச்சு. நீ முழுதும் பார்த்தாய். முப்பத்தாறையும் பதினொன்றையும்.

உன் கேள்விக்குச் சிலுவையை வைத்து அழகாக ஒரு பதில் எழுதினேன். மூன்று முறை. மூன்றையும் கிழித்தேன். நின்று பார்க்காதவள் அதைச் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியவில்லை, பாண்டி.

என் ஆய்வு நெறியாளர் பேராசிரியர் கௌரிசங்கருக்கு உண்மையை எழுதப் போகிறேன். பட்டம் நிற்காது. சிஸ்டரிடம் இன்று மாலை சொல்வேன். இங்கே இருக்கவிடுவார்களா என்பதும் தெரியாது.

நீ வாசித்தால், எப்படி வாசித்தாய் என்று எழுது.

ஜெஸி

*

மேலகரம்
10 ஏப்ரல் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து. அப்பாவுக்குச் சர்க்கரை நூற்றெழுபது. இந்த முறை நான் சொன்னதாகவே சொல்லலாம். நீ சிஸ்டரிடம் பேசியிருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். சிஸ்டர், வணக்கம். மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்மேல் கோபம். மூன்றாம் நாள் இல்லை.

வாசித்தேன். சாமியிடம் முடியாது என்று சொல்லக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்தேன். மேடையில் நின்று தொடங்கிவிட்டேன். முதல் "நல்லது" என்பதற்குப் பின்னால் "கண்டார்" என்று ஒரு சொல் இருக்கிறது. மூன்று மாதம் பயிற்சி செய்தவன், அதைக் கவனித்ததே இல்லை. அதில் நின்றுவிட்டேன். சொல் பின்னால் வந்தாலும் முதலில் நடந்தது அதுதான்: கண்டார். பிறகுதான் நல்லது என்றார். எதையெல்லாம் கண்டிருப்பார். கோயில் முழுக்க மெழுகுவர்த்தி. ஏழு தடவையும் நின்றேன். முப்பத்தாறும் என் கண்முன் இருக்க, அப்படியே "நல்லது" என்றேன். பொய் சொல்வதுபோல இல்லை. புரிந்ததுபோலவும் இல்லை. ஏதோ பெரிதின் ஓரத்தில் நிற்பதுபோல இருந்தது.

அப்பா வெளியே வந்து சொன்னார்: "என்னலே, லாரி மாதிரி நிறுத்தி நிறுத்திப் போற?"

நேற்று மதியம் மெஹர் பானு அக்காவுக்குக் கேக் கொண்டுபோனேன். பேசிவிட்டார். நீ என்னிடம் சொல்லிவிட்டாய் என்றதும், "சொல்லிட்டாளா? அல்ஹம்துலில்லாஹ். மூணு வருசமா வயித்துல கட்டி மாதிரி கெடந்துச்சுலே" என்றார். கேக்கைப் பிட்டுக்கொண்டே பாறையைக் காட்டி, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். நீ எனக்குச் சொன்னதை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். நீர், கரை, கால். அந்த வழியில் வந்தவர்கள்தான் நாமும் என்றேன். நம்ப மாட்டார், திட்டுவார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு பாறைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"அப்படின்னா, அந்த வம்சத்துலயே அடுத்ததுக்காவ ஒரு கொடந் தண்ணி தூக்குன மொதத் தவள ஒங்கக்காதாம்லே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. பாறையைப் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன். நெல்லளவு நெல்லளவாக எத்தனை கோடி ஆண்டு, அக்கா, முப்பத்தாறு சாவதைத் தாங்க முடியாமல் ஓர் உயிர் குடத்தைத் தூக்குவதற்கு. அதையும் அவர்தானே படைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

பேராசிரியருக்கு எழுது. மறைக்காமல் எழுது. அவர்கள் அங்கே இருக்கவிடவில்லை என்றால் இங்கே வா; கமிஷன் கடையில் எண்ண ஆள் தேவை. இருக்கவிட்டால் இரு.

உன் சுகத்துக்கு எழுது.

தம்பி
பாண்டி